படத்தில் உள்ளபடி

ஜனவரி 6, திங்கள்

கோபம் வந்தால் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வயதில் 148/96 நல்லதில்லையாம். உப்பைக் குறைக்க வேண்டும், காலையில் நடக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு பி.பி. பார்த்துக் குறிக்க வேண்டும், அன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மார்ச் முதல் வாரம் நோட்டோடு போக வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் மாத்திரை, ஆரம்பித்தால் ஆயுசுக்கும்.

ஒரு நோட்டு போதுமா டாக்டர் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

முதல் கோபம் இந்த நோட்டின் மேல்தான். அட்டை முழுக்க ரோஜாப்பூ. நாள் முழுக்க ஆபீசில் பூவைப் பார்த்துச் சாகிறவளுக்கு என் வீட்டுக்காரர் பூப்போட்ட நோட்டு வாங்கி வந்திருக்கிறார். பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துகிற மனிதர்.

"கடைல இதுதான் இருந்துச்சு ரேணு" என்றார் குமரகுரு.

146/94.

ஜனவரி 8, புதன்

எதற்கு நாள் முழுக்கப் பூ என்று எழுதவில்லை. டாக்டருக்குப் புரிய வேண்டுமே.

பீளமேட்டில் பதினொரு பேர் வேலை செய்கிற கம்பெனி எங்களுடையது. 'பூமேடை' என்று ஒரு செயலி செய்கிறோம். கல்யாண வீட்டுக்காரர்கள் மண்டபத்தைப் போனில் படம் பிடித்துப் போட்டால், மேடை, தூண், வாசல் எல்லாம் திரையில் தனித்தனியாக வந்து நிற்கும். விரலால் பூவை இழுத்து வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சம்பங்கி வேண்டாமா, தள்ளிவிட்டுச் சாமந்தி வை. முடித்ததும் கல்யாணத்தன்று மேடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆர்டர் நேராக அலங்காரக்காரருக்குப் போய்விடும். திரைகள் அத்தனையும் நான் வரைந்தவை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற 'படத்தில் உள்ளபடி மேடையில்' என்ற வாசகமும் என்னுடையதுதான். எழுதிய அன்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

முதலாளி நிரஞ்சன். இருபத்தொன்பது வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நான் எதைச் சொன்னாலும் "கூல், கூல்" என்பார். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தம்.

150/96. காரணம் மேலே உள்ளவர்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று நல்ல நாள் என்று எழுதினால் டாக்டர் நம்புவாரா?

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் பாப்பாத்தி அக்காவின் கொட்டகைக்குப் போயிருந்தேன். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர், ஐம்பது வயது, கூட ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். செயலியை முதலில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட ஒரே ஆள். பூவை எத்தனை தண்டு என்று எண்ணிப் போடுகிற மாதிரி நிரஞ்சன் ஒரு பெட்டி வைக்கச் சொல்லியிருந்தார். அக்காவிடம் காட்டினேன்.

"தண்டா? நானென்ன கீரையா விக்கிறேன்? மொழம் போடு அம்முணி."

"யாரு கை மொழம்னு கேப்பாங்கக்கா."

"கட்டறவ கை மொழந்தான். மாப்ள வீட்டுக்காரன் கையில அளந்தா கட்டுப்படியாகுமா?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். உட்கார்ந்து டீ குடித்தேன். அரளியும் சம்பங்கியும் எப்படி வாடும், எது மதியம் வரை தாங்கும், எதை வாசலில் வைத்தால் வெயிலில் கருகும் என்று மூன்று மணி நேரம் சொன்னார். எழுதிக்கொண்டே இருந்தேன். யாரும் என்னை அப்படி உட்கார வைத்து வேலையைப் பற்றிப் பேசி எத்தனை நாளாயிற்று. எழவு வேலை எடுப்பதில்லை என்பதையும் சொன்னார். மலர் வளையம், பாடை அலங்காரம் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற கடைக்காரர்கள் செய்வது. கல்யாணக் கை வேறு, எழவுக் கை வேறு. ஒரே கையில் இரண்டும் செய்தால் ஒரு மண்டபத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

138/88.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்தது. தண்டு போய் முழம் வந்தது. நிரஞ்சன், "கூல்."

144/92.

ஜனவரி 22, புதன்

முதலீடு செய்கிறவர்கள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். நிரஞ்சன் என் திரைகளை ஒவ்வொன்றாகப் பெரிய டிவியில் காட்டி, "நான் இப்படி யோசிச்சேன், நான் அப்படி யோசிச்சேன்" என்று நாற்பது நிமிடம் பேசினார். முழம் என்ற யோசனைகூட அவர் யோசித்தது. பூ மார்க்கெட் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

நான் பக்கத்தில்தான் நின்றேன். வந்தவர்களில் ஒருவர் என்னிடம் காபிக்குச் சர்க்கரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு மாசம் பொறு" என்றார் குமரகுரு. என்னிடம் பழமொழி சொல்லாதீர்கள் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்பது டாக்டருக்கு வேண்டாம்.

158/100.

ஜனவரி 23, வியாழன்

நேற்றைய ஆத்திரம் அடங்குவதற்குள் அடுத்தது.

வெளிநாட்டிலிருந்து அலங்கார உருவங்களின் தொகுப்பு ஒன்றை நிரஞ்சன் வாங்கிச் செயலியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். முந்நூறு உருவம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எண்பத்தேழாவது ஒரு வட்டம். நாலடி உயரம், முழுக்க வெள்ளைப் பூ, மூன்று கால் ஸ்டாண்டு, குறுக்கே ஒரு ரிப்பன். ரிப்பனில் பெயர் எழுதிக்கொள்ளலாமாம். 'வரவேற்பு வளையம், மணமகன் பெயர், மணமகள் பெயர்' என்று போட்டிருக்கிறது.

அது மலர் வளையம். சவத்தின் காலடியில் வைப்பது. கண் உள்ள எவரும் சொல்லுவார்.

நிரஞ்சன் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"அங்கெல்லாம் கல்யாணத்துல இதுதான் ட்ரெண்ட், ரேணுகா."

"இங்க இது எழவு வீட்டுல வைக்கறதுங்க. இதுல மாப்பிள்ளை பேரை எழுதி வாசல்ல வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க."

"ப்ரிவ்யூல பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு! யாருக்குப் புடிக்குதோ எடுத்துக்கட்டும். எல்லாத்தையும் நெகட்டிவா பாக்காதீங்க. கூல்."

திரையில் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் ரோஸ் நிற வெளிச்சம், சரவிளக்கு, ஸ்டாண்டின் கால்கள் தெரியவே தெரியாது. அப்படி வெளிச்சம் போட்டுக் காட்டுகிற மாதிரி திரையை வரைந்ததும் நான்தான்.

மெயில் அனுப்பினேன். 'எண்பத்தேழாம் எண் வளையத்தை உடனே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கல்யாணம் கெடும்.' பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மெயிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று.

160/102.

பிப்ரவரி 3, திங்கள்

சோதனை தொடங்கியது. பாப்பாத்தி அக்காவுக்கு முதல் ஆர்டர். சுந்தராபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். எங்கள் புரோகிராமர் ஸ்டீபன் போய்ப் படம் எடுத்து வந்தார். திரைக்கும் மேடைக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு தூணில் மரிக்கொழுந்து வைத்த இடம்கூட அப்படியே.

ஸ்டீபனும் நானும் ஆளுக்கொரு பப்ஸ் சாப்பிட்டோம். உப்பு அதிகம். 142/90.

பிப்ரவரி 5, புதன்

அக்காவோடு சண்டை. இரண்டாவது ஆர்டரில் ஜெர்பரா கேட்டிருந்தார்கள். பூ நன்றாக வரவில்லை என்று அவராகவே மஞ்சள் சாமந்தி வைத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் செயலி புகைப்படத்தை ஒப்பிட்டுப் பார்த்து அவருக்கு இரண்டு நட்சத்திரம் குறைத்துவிட்டது.

போனில் சத்தம் போட்டேன். "படத்துல உள்ளபடிதான் மேடைல இருக்கணும்கா. உங்க இஷ்டத்துக்கு மாத்தறதா இருந்தா ஆப் எதுக்கு? ஏதா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

"சரி அம்முணி. இனிமே உன்னையக் கேக்காம ஒரு இணுக்குப் பூவ மாத்தமாட்டேன்" என்றார்.

நிரஞ்சன் மேல் இருந்ததை இவர் மேல் இறக்கிவிட்டேனோ என்று தோன்றியது. வெந்நீர் வைத்துக் குளித்தேன். 152/96.

பிப்ரவரி 10, திங்கள்

ஆபீசில் எல்லோர் முன்னாலும் எனக்குப் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. 'நெகட்டிவ் ரேணுகா'. வளையத்தைப் பற்றி மறுபடி கேட்டதற்கு. எல்லோரும் சிரித்தார்கள், ஸ்டீபன் மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் இந்த வேலை பார்த்தவள் நான். இவன் பால்பாட்டிலைக் கையில் பிடித்திருந்த காலத்திலேயே நான் கலர் பென்சில் பிடித்தவள். என்றைக்காவது ஒரு நாள் இவன் முகத்தில் கரி பூசப்படுவதைப் பார்க்காமல் நான் இந்த வேலையை விடமாட்டேன்.

164/104. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று குமரகுரு தன் கையில் கட்டிப் பார்த்தார். அவருக்கு 118/76. அதற்கும் கோபம் வந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

வெயில் இன்னும் ஏறவில்லை, இதமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆர்டர் பற்றிப் பாப்பாத்தி அக்கா மத்தியானம் போன் செய்தார். படத்தில் உள்ளபடி செய்யச் சொன்னேன். பாலக்கீரை வாங்கினேன். ஆபீசில் எல்லோருக்கும் ரோஜா கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று. நிரஞ்சனிடம் நன்றி சொன்னேன்.

122/80. இரண்டு முறை பார்த்தேன், அதேதான். இத்தனை நாளில் குறைந்த அளவு இது.

பிப்ரவரி 15, சனி

போர்வை, திரைச்சீலை எல்லாம் துவைத்தேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். போன் ஹாலில் இரண்டு முறை அடித்தது, கை ஈரமாக இருந்தது. அப்புறம் கூப்பிட மறந்துவிட்டது. "என்ன பாட்டெல்லாம் முணுமுணுக்கற" என்றார் குமரகுரு.

126/82.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஏழேகாலுக்கு ஸ்டீபன் போன். படம் எடுக்க மண்டபத்துக்குப் போனவர். பின்னால் ஒரே கூச்சல். "மேடம், வாசல்ல ரெண்டு வளையம் நிக்குது. எம்பத்தேழாம் நம்பர். மாப்ள வீட்டுக்காரங்க உள்ள வரமாட்டேன்னு ரோட்டுலயே நிக்கறாங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். கைப்பையில் மெயில் இருக்கிறதா என்று வழியில் பார்த்துக்கொண்டேன்.

பளீரென்ற காலை வெயிலில் அவை வேறு எதைப் போலவும் இல்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றின் ரிப்பனில் 'விஷ்ணுபிரசாத்', இன்னொன்றில் 'மேகலா'. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெண்ணின் சிங்கப்பூர் அண்ணன் செயலியில் பார்த்து ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தானாம். அவன் இப்போது மண்டபத்தின் பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பாப்பாத்தி அக்காவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, "எழவு வீட்டுக்காரி, யாரு வாசல்னு நெனச்சு வந்த?" என்று கத்தினார். அக்கா இரண்டு வளையத்தையும் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் போட்டு உடைத்தார். கம்பி கிழித்துக் கையில் ரத்தம். அப்புறமும் விடவில்லை. அந்தக் கை தொட்ட ஒரு பூவும் மேடையில் இருக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். அக்காவும் ஐந்து பெண்களும் தாங்கள் விடிய விடியக் கட்டியதைத் தாங்களே பிய்த்துச் சாக்கில் போட்டார்கள். முகூர்த்த நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, மொட்டை மேடையில் தாலி கட்டினார்கள்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது அக்கா என்னைப் பார்த்தார். நான் நிரஞ்சனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

பி.பி. பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மெயிலை மேசை மேல் போட்டேன். சென்னைக்காரர்கள் கணினித் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். "ஜனவரி இருபத்து மூணாம் தேதியே எழுதியிருக்கேன். வாசிங்க" என்றேன். நிரஞ்சனே வாசிக்க வேண்டியிருந்தது. 'இல்லாவிட்டால் ஒரு கல்யாணம் கெடும்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. நான் எத்தனை நாளாகக் காத்திருந்த முகம்!

சென்னைக்காரர் ஒருவர், "இவங்க பேச்சைக் கேட்டிருக்கணும்" என்றார். இனிமேல் வடிவமைப்புக்கு நானே தலைமை. அரை மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் பழியைப் பாப்பாத்தி அக்கா தலையில் வைத்தார்கள். "முப்பது வருஷம் தொழில் பண்றவங்க. இது எழவு வளையம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே" என்றார் நிரஞ்சன். எல்லோரும் தலையாட்டினார்கள். மண்டபத்துக்குக் கடிதம் எழுதப் போகிறார்களாம், தவறு அலங்காரக்காரருடையது என்று.

எய்தவன் இருக்க அம்பை நோகிறார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது. 160/100.

பிப்ரவரி 19, புதன்

ஸ்டீபன் சொன்னார். அந்த மண்டபத்து மேனேஜர் தங்கவேல் அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். கேள்விப்பட்டு இன்னும் நாலு மண்டபத்தில் அடித்துவிட்டார்கள். மாசி முகூர்த்தம் அத்தனையும் கைவிட்டுப் போயிற்று. பூ மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் 'வளையக்காரி'. ஐந்து பெண்களில் இரண்டு பேர் வேறு இடம் போய்விட்டார்கள்.

இதை விடப்போவதில்லை. நாளை அக்காவைப் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு வந்து நிரஞ்சனின் சட்டையைப் பிடிக்கிறேன்.

156/98.

பிப்ரவரி 20, வியாழன்

அக்கா தனியாக உட்கார்ந்து கோழிக்கொண்டைப் பூவைச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கோயிலுக்காம். வலது கையில் துணிக் கட்டு.

"அக்கா, நான் விடமாட்டேன். அந்த நிரஞ்சனை உங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்தி மன்னிப்புக் கேக்க வெக்கிறேன்" என்றேன்.

"அவன் எதுக்கு? அவன எனக்குத் தெரியாது. நான் அவனையா கேட்டேன்? உன்னையத்தான கேட்டேன் அம்முணி."

எழுதி வாங்கக் கொண்டுபோன தாளைப் பைக்குள் வைத்தேன்.

"'ரெண்டு வட்டம் போட்டிருக்குது, எழவு வளையமாட்ட இருக்குது, வேண்டாம்னு சொல்லீரட்டுமா'ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன? 'அவங்களே பாத்து எடுத்ததுதான்கா, படத்துல உள்ளபடி செய்ங்க'ன்ன. மனசு கேக்காம சனிக்கெழம ரெண்டு தடவ கூப்புட்டேன். எடுக்கல. சரி, படிச்ச புள்ள, நமக்குத் தெரியாத மோஸ்தரா இருக்கும், இவ நம்மளக் கெடுக்கமாட்டான்னு நெனச்சேன்."

சரத்தைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.

"அன்னைக்கு நீ சிரிச்சாப்புல பேசுன. எப்பவும் கடுகடுன்னு பேசுவ. அன்னைக்குத்தான் உன் கொரலு நல்லா இருந்துச்சு. அவன் மேல உனக்குக் கோவம். இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு என்ற மேடைதான் கெடச்சுதா?"

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?" இதைத்தான் கேட்டேன். இதை, முதலில்.

"சொன்னா யாரு நம்புவா?" என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

லீவு. படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 22, சனி

பதினாலாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொய்கூட இல்லை. அதுதான் கேவலம். போன் செய்தார், படத்தில் உள்ளபடி செய்யச் சொன்னேன், கீரை வாங்கினேன். அவர் என்ன கேட்டார் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கீரையின் பெயர் முதற்கொண்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது எழுதுகிறேன். அக்கா 'எழவு வளையமாட்ட' என்று சொன்னபோது எனக்கு வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்துவிட்டது, நான் சொன்னது வந்தே விட்டது என்று. 'வைக்காதீங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் நான் நெகட்டிவ் ரேணுகாதான். நடக்கட்டும், நடந்தால்தான் இவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். கல்யாணப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கவில்லை. அக்காவை நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த உருவத்தையும் செயலியிலிருந்து மறைத்துவிட என் கணினியிலேயே ஒரு பொத்தான் உண்டு. நான் வரைந்த பொத்தான். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜனவரி இருபத்து மூன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அது என் கண் முன்னாலேயே இருந்தது. நான் அமுக்கவில்லை. நிரஞ்சன் வாயால் 'நீ சொன்னது சரி' என்று கேட்க வேண்டியிருந்தது எனக்கு.

ஒன்றரை மாதமாக நோட்டு முழுக்க நிரஞ்சனைத் திட்டியிருக்கிறேன். அவர் செய்தது தெரியாத்தனம். தெரிந்து செய்தவள் நான். எய்தவன் இருக்க அம்பை நோகிறார்களாம்! எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.

குமரகுருவிடம் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழமொழி ஏதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

மண்டபத்து ஆபீசில் கூட்டம். தங்கவேல், பெண்ணின் அப்பா சின்னச்சாமி, நிரஞ்சன், நான். பாப்பாத்தி அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரமாக நின்றார், யாரும் உட்காரச் சொல்லவில்லை. நிரஞ்சன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தவறு முழுக்க அலங்காரக்காரருடையது, கம்பெனி வருந்துகிறது. கீழே வடிவமைப்புத் தலைமை என்று என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

பேனாவை மூடி வைத்தேன்.

"இவங்க வெள்ளிக்கிழமையே எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. எழவு வளையம் மாதிரி இருக்கு, வேண்டாம்னு சொல்லட்டுமான்னு. நான்தான் செய்யச் சொன்னேன். தெரியாம சொல்லலை. தெரிஞ்சேதான் சொன்னேன். இவர் மேல இருந்த கோவத்துல."

நிரஞ்சன் வாயைத் திறந்து மூடினார். 'கூல்' வரவில்லை.

சின்னச்சாமி கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "எம் பொண்ணு பேரு எழுதியிருந்துச்சும்மா அதுல" என்றார் மெதுவாக. "நேத்து சம்பந்திக்கு நெஞ்சுச் சளின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். அந்த வீட்டுல எம் பொண்ணுகிட்ட ஒருத்தரும் பேசலையாம். அது ஒரு சளிதாம்மா. இனி அந்த வீட்டுல யாரு தும்முனாலும் எம் பொண்ணுதான் பதில் சொல்லணும்."

நான் அந்த வீட்டுக்கும் வந்து சொல்கிறேன் என்றேன். "வந்து என்னத்தச் சொல்லுவ?" என்றார். இங்கே சொன்னதையே என்றேன்.

தங்கவேல் அக்காவைப் பார்த்து, "பாப்பாத்தி, பேரத் திரும்பச் சேத்துக்கறேன். ஆனா இந்த மாசம் வேண்டாம். பங்குனி போகட்டும், ஜனங்க மறக்கட்டும்" என்றார். மற்ற நாலு மண்டபத்துக்கும் தானே சொல்வதாகவும் சொன்னார்.

"சரிங்க" என்றார் அக்கா.

வெளியே வந்து, "அக்கா" என்றேன். திரும்பவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார். அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். எனக்கு ஒரு வருடத்துக்குத் தாங்குகிற அளவு திட்டியிருக்க வேண்டும்.

162/104.

பிப்ரவரி 26, புதன்

ராஜினாமா எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். எழுந்து வருவதற்கு முன் என் கணினியில், இத்தனை நடந்தும் யாரும் நீக்காத எண்பத்தேழாம் எண்ணைத் தேடி, அந்தப் பொத்தானை அமுக்கினேன். வளையம் மறைந்தது. இரண்டு விநாடி.

முதல் பக்கத்து வாசகத்தை எடுத்துவிட முடியுமா என்று ஸ்டீபனிடம் கேட்டேன். அது நிரஞ்சனுக்குப் பிடித்த வாசகம் என்றார்.

158/98.

மார்ச் 1, சனி

சின்னச்சாமியோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், தாய்மாமன் முன்னாலும். மேகலா ஜன்னல் பக்கம் நின்று கேட்டாள். கல்யாணப் புடவையில் அவளைப் பார்த்திருக்கிறேன், முகம் ஞாபகம் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா, "உன் வீட்டு விசேஷத்துல இப்படிச் செய்வியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

160/100.

மார்ச் 3, திங்கள்

டாக்டரிடம் போனேன். நோட்டைக் கொடுத்தேன். வாசிப்பார் என்று நினைத்திருந்தேன், வாசித்தால் நல்லது என்றும்கூட. அவர் எண்களை மட்டும் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். நூற்றைம்பது, நூற்றறுபது, நூற்றறுபத்து நாலு. ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். பதினாலாம் தேதி வந்ததும் பேனா நின்றது. சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"பாத்தீங்களா! நூத்தி இருபத்திரெண்டு. மாத்திரையே இல்லாம. உங்க உடம்பால முடியுதுங்கம்மா. இந்த நாள் என்ன பண்ணுனீங்களோ, அதையே தெனமும் பண்ணுங்க. இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம், மாத்திரை வேண்டாம்."

"அந்த நாள் வேண்டாங்க டாக்டர்" என்றேன். "மாத்திரையே எழுதிக் குடுங்க."